ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவும்

காலை ஆறரை மணி. சிவப்பு டெலிபோன் பெட்டிக்குள், இன்னொருவர் எழுதிய புத்தகத்தை மழைக்கோட்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு நின்ற லயனல் பென்ஃபோல்ட், வெளியே போக முடியாமல் தவித்தார்.

கதவு சிக்கிக்கொள்ளவில்லை. தெருவில் யாரும் வரவுமில்லை. கண்ணுக்கு நேரே ஒரு அட்டை தொங்கியது, அவ்வளவுதான். ‘ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவும்.’

நெதர் கோம்ப் கிராமத்து டெலிபோன் பெட்டியிலிருந்து டெலிபோன் போய்ப் பத்து வருஷமாகிறது. இப்போது அதற்குள் நான்கு தட்டு அலமாரி. படித்த புத்தகத்தை வைத்துவிட்டுப் படிக்காததை எடுத்துப் போகலாம். திருட வந்த மனிதருக்கு அட்டையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். ஆனால் லயனல் அறுபத்தொரு வயதுவரை எந்த அறிவிப்பையும் மீறியவரில்லை. ‘வரிசை இங்கே தொடங்குகிறது’ என்று எழுதியிருந்தால், வேறு ஆளே இல்லாவிட்டாலும் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் முன்னே போவார்.

எனவே வீட்டுக்கு ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். எடுத்த புத்தகத்துக்குப் பதிலாகத் தான் எழுதிய ‘தூறலும் தேநீரும்’ நூலின் ஒரு பிரதியை அடுக்கில் வைத்தார். மனசாட்சி அடங்கியது. நிம்மதியாகத் திருடிக்கொண்டு போனார்.

எல்லாம் ஒரு பக்கத்துக்காக.

தேவாலயத்து மாத இதழில் ஐந்தாம் பக்கம் பத்தொன்பது வருஷமாக லயனலுடையது. ‘ஜன்னலோரம்’ என்று தலைப்பு. தூறலில் எத்தனை வகை, நாற்பத்திரண்டாம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் முகங்கள், டீயில் பாலை முதலில் விடுவதா பிறகு விடுவதா, ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று தோன்றியதையெல்லாம் எழுதுவார். வரவேற்பறை ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே எழுதுவார். பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு இரண்டு வாசகர் கடிதங்கள் வந்தன. ஒன்று, பஸ் நேரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்பது.

அப்புறம்தான் ரூபர்ட் கார்ஸ்வெல் வந்து சேர்ந்தார். வெயிலில் கறுத்த முகம், லினன் தொப்பி, ஊர் ஊராகச் சுற்றிய கால்கள். டெலிபோன் பெட்டிக்கு நேர் எதிரே, வாடகைக்கு ஒரு சின்ன வீடு. இதழை நடத்தும் பாதிரியம்மா ஆசைப்பட்டுக் கேட்டதால் ஒரே ஒரு பயணக் கட்டுரை எழுதிக் கொடுத்தார். கருங்கடலில் ஒரு படகு. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், ஆரஞ்சு உரித்து எல்லோருக்கும் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டே தன் மூன்று கணவர்களின் கதையைச் சொல்கிறாள்.

அதற்கு ஒரே மாதத்தில் பதினோரு கடிதங்கள்.

கடிதங்களைக்கூட லயனல் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒருநாள் மாலை குளியலறையிலிருந்து அவர் மனைவி மேவிஸ் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்.

“என்ன மேவிஸ்?”

“மூணாவது புருஷன்! ஐயோ, அந்த மூணாவது புருஷன் இருக்கானே!”

தண்ணீர் தளும்பும் சத்தம். மறுபடி சிரிப்பு. லயனல் எழுதியதை மேவிஸ் முப்பத்து நான்கு வருஷமாகப் படித்து வருகிறாள். ஒவ்வொரு தடவையும் “நல்லாயிருக்கு டியர்” என்பாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறது என்று சொல்வதும் அதே குரலில்தான்.

அந்த வாரமே பாதிரியம்மா வீட்டுக்கு வந்தார். இரண்டாவது பிஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார்.

“லயனல், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது.”

“ஐந்தாம் பக்கமா?”

“வாசகர்கள் கேக்கறாங்க. நானா முடிவு பண்ண மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சொந்தமா புத்தகம் அச்சடிச்சு வெச்சிருக்கீங்க இல்ல? பெட்டியிலே ஆளுக்கு அஞ்சு பிரதி வைங்க. தீரத் தீர நிரப்புங்க. திங்கக்கிழமைதோறும் ஐவி எண்ணிப் பார்ப்பா. அறுவடைத் திருநாள் வரைக்கும் யாரோடது அதிகமாப் போகுதோ, அக்டோபர்லேர்ந்து பக்கம் அவருக்கு. நியாயம்தானே?”

“ரொம்ப நியாயம்” என்றார் லயனல். அவர் கையிலிருந்த பிஸ்கட் இரண்டாக உடைந்து டீக்குள் விழுந்தது.

ஜூன் முதல் தேதி ஆரம்பித்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு லயனல் நடக்கப் போகிற சாக்கில் பெட்டியை எட்டிப் பார்த்தார். இரண்டு பேருடையதும் ஐந்தைந்தாக அப்படியே இருந்தன. ரூபர்ட்டின் புத்தகத்தைப் புரட்டினார். ‘முகவரி இல்லாத ஊர்கள்.’ முதல் வரி நன்றாக இருந்தது. இரண்டாவது வரி அதைவிட நன்றாக இருந்தது. இதை இங்கே விட்டுவைத்தால் ஊரில் இருக்கிற குளியலறையெல்லாம் சிரிக்கும். புத்தகமே இல்லாவிட்டால் எப்படிப் படிப்பார்கள்? மழைக்கோட்டைத் திறந்து உள்ளே செருகினார்.

அப்புறம் நடந்ததுதான் அந்த அட்டை விவகாரம்.

அந்த வாரம் நான்கு பிரதிகள் எடுத்தார். நான்கு பிரதிகள் வைத்தார். தோட்டத்துக் கொட்டகையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால், சாக்குப்பைக்கு அடியில் கார்ஸ்வெல் குவிந்தார்.

திங்கட்கிழமை ஐவி ட்ராட் எண்ணினாள். தேவாலயத்தைப் பெருக்குவதும் பெட்டியைத் துடைப்பதும் ஐவியின் வேலை. பேச்சு குறைவு, கணக்கில் கெட்டி. அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டாள்: ‘கார்ஸ்வெல்: நான்கு போயின. பென்ஃபோல்ட்: நான்கு வந்தன.’

பலகைக்கு முன்னால் ஊரே நின்றது. பாதிரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“வந்தனவா? என்ன ஐவி இது?”

“அஞ்சு இருந்துச்சு. ஒன்பது இருக்கு. மிஸ்டர் பென்ஃபோல்டோட புத்தகம் குட்டி போட்டிருக்கு.”

ஊர் மொத்தமும் தொண்டையைச் செருமிக்கொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. நெதர் கோம்ப்பில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே பார்த்துச் சிரிப்பதில்லை. இதைப் பற்றியே லயனல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருப்பதுதான் நம் ஊரின் நாகரிகம் என்று.

ரூபர்ட் அவர் தோளைத் தட்டினார்.

“மனசை விட்டுடாதீங்க பென்ஃபோல்ட். மெதுவா ஓடற குதிரையும் வந்து சேர்ந்துடும். நான் இன்னிக்கே இன்னொரு அஞ்சு வெச்சிடறேன். கையிலே ஏகப்பட்டது இருக்கு.”

அந்த ‘ஏகப்பட்டது’ என்ற சொல்லை லயனல் வீடு வரை மென்றுகொண்டே போனார்.

இனி எடுக்கவே கூடாது என்று முடிவு செய்தார். எடுத்தால் அவனுக்கல்லவா கணக்கு ஏறுகிறது! செவ்வாய் காலை வெறும் கையோடு பெட்டிக்குள் நின்று அந்த ஐந்து புதுப் பிரதிகளையும் முறைத்துப் பார்த்தார். யாரோ ஒரு பெண்மணி நாயோடு தெருமுனையில் திரும்பினாள். இங்கே வருகிறாளோ? எடுத்துவிடுவாளோ? வீட்டுக்குப் போய்க் குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு படிப்பாளோ? போட்டியில் தோற்றால் ஒரு பக்கம்தான் போகும், இவள் சிரித்துவிட்டாள் என்றால் அதை எப்படித் திரும்பப் பெறுவது? லயனலின் கை தானாக நீண்டது.

அந்தப் பெண்மணி பெட்டியைத் தாண்டி, நேராகப் பார்த்தபடி போனாள். நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு யோசனை. தன் புத்தகங்களையும் எடுத்துவிட்டால்? தன் கணக்கும் ஏறுமே! ஆனால் எடுத்தால் வைக்க வேண்டும். தன்னுடையதை எடுத்துவிட்டுத் தன்னுடையதையே வைத்தால் என்ன பிரயோஜனம்? வீட்டு அலமாரியைத் துழாவினார். மேவிஸின் சமையல் புத்தகங்கள் கண்ணில் பட்டன. ஏழு இருந்தன.

வியாழக்கிழமை மேவிஸ் சமையலறையில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“லயனல், என் ஜாம் புத்தகத்தை எடுத்தியா?”

“ஜாமா? நான் எதுக்கு...”

“போஸ்டாபீஸ்ல ஹெட்டி கையிலே இருக்கு. முதல் பக்கத்துல எங்கம்மா கையெழுத்து. ‘மேவிஸுக்கு, கல்யாணப் பரிசு.’ டெலிபோன் பெட்டியிலே கெடச்சுதாம். நான் என்ன பதில் சொல்லட்டும்?”

“ஊருக்கு உபயோகமா இருக்கட்டுமேன்னு...”

“உன் புத்தகம் நூத்தி எழுபது பிரதி விருந்தாளி ரூமை அடைச்சுக்கிட்டு கெடக்கு. அதை வெச்சு ஊருக்கு உபயோகம் பண்ணேன்!”

“அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்தேன்” என்று சொல்ல வாயெடுத்தவர் அடங்கிப்போனார். மாமியாரின் கையெழுத்து ஹெட்டியிடமிருந்து திரும்பி வரும்வரை அந்த வீட்டில் டோஸ்ட்டுக்கு ஜாம் கிடைக்கவில்லை.

சமையல் புத்தகங்கள் வீட்டுக்கும், அவற்றுக்காக எடுத்த தன் பிரதிகள் பெட்டிக்கும் திரும்பின. ‘தூறலும் தேநீரும்’ மறுபடி குட்டி போடத் தொடங்கியது. ஜூலை முடிவதற்குள் இரண்டாவது தட்டு முழுக்க லயனல். மூன்றாவது தட்டிலும் பாதி. ரூபர்ட் புன்னகை மாறாமல் நிரப்பிக்கொண்டே இருந்தார்.

“நேத்து வெச்சேன், இன்னிக்கு ஒண்ணு குறையுது. யார்தான் படிக்கிறாங்களோ!” என்பார்.

“ஆமா, யார்தான் படிக்கிறாங்களோ” என்பார் லயனல், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தக் கோடையில் ஊர் கொஞ்சம் விசித்திரமாகத்தான் நடந்துகொண்டது. ஒருநாள் காலை நல்ல மழை. பெட்டிக்குள் யாரோ ஒரு குடையை மறந்து வைத்திருந்தார்கள். பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வசதியாக இருந்தது. ரூபர்ட் தன் பிரதிகளை எட்டாத மேல்தட்டில் வைத்த வாரம், யாரோ ஒரு சின்ன முக்காலியைப் பெட்டிக்குள் விட்டுப் போயிருந்தார்கள். ஆகஸ்டில் லயனலுக்குச் சளி பிடித்து இரண்டு நாள் படுத்திருந்தார். மூன்று வீட்டிலிருந்து சூப் வந்தது.

“காலம்பற உங்களைக் காணோமேன்னு கவலையாப் போச்சு” என்றார் எதிர்வரிசைக் கிழவர். ஒன்பது மணிக்கு முன்னால் கட்டிலை விட்டு எழாதவர் அவர்.

நல்ல ஜனங்கள் என்று லயனல் நெகிழ்ந்தார். ஐவிகூடப் பெட்டியின் கண்ணாடிகளைத் தினமும் பளபளவென்று துடைத்து வைத்தாள். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை துடைத்தாலே அதிகம்.

இதற்கிடையில் கொட்டகையில் இன்னொரு விபரீதம் நடந்தது. எதிரியிடம் பிழை கண்டுபிடிக்கலாமென்று லயனல் பென்சிலோடு உட்கார்ந்து ரூபர்ட்டைப் படிக்க ஆரம்பித்தார். பிழை கிடைக்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அதை ஓரத்தில் எழுதினார். ‘பொய்.’ அடுத்த பக்கத்தில், ‘பொய்யாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது.’ அதற்கடுத்து, ‘இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறானே, பாவி! நானாக இருந்தால் இன்னும் நான்கு வரி வளவளத்திருப்பேன்.’ ஆரஞ்சு அம்மாள் வருகிற பக்கத்தில், ‘கொட்டகை முழுக்க ஆரஞ்சு மணக்கிறது. நாசமாய்ப் போக.’ ஒரு பிரதி தீர்ந்ததும் அடுத்த பிரதியில் முதலிலிருந்து படித்தார். அதில் வேறு குறிப்புகள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் பலகையில் நிலவரம் இப்படி இருந்தது: ‘கார்ஸ்வெல்: இருபத்தேழு போயின. பென்ஃபோல்ட்: இருபத்தேழு வந்தன.’ அறுவடைத் திருநாளுக்குப் பதின்மூன்று நாள்தான் பாக்கி.

அன்றைக்குத்தான் லயனலுக்கு அந்த மகா யோசனை உதித்தது. எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தால்? அவனுடைய இருபத்தேழையும் திருப்பி வைத்துவிட்டுத் தன்னுடைய இருபத்தேழையும் எடுத்துவிட்டால்? வைப்பதும் எடுப்பதும் சரிக்குச் சரி. அட்டைக்கும் மரியாதை. கணக்கு ஒரே நாளில் நேராகிவிடும்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் தோட்டத்துத் தள்ளுவண்டியில் இருபத்தேழு கார்ஸ்வெல்களை ஏற்றி, மேலே முட்டைக்கோஸ் இலைகளைப் பரப்பித் தெருவில் தள்ளினார். சக்கரம் கிறீச்சிட்டது. திரும்பிப் போய் மேவிஸின் வெண்ணெயை எடுத்து வந்து தடவினார். கிறீச்சு போய், பன்றிக்குட்டி முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெட்டிக்கும் வண்டிக்குமாக ஐம்பத்து நான்கு புத்தகங்களை மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நிமிர்ந்தார், முதுகு பிடித்துக்கொண்டது. தெரு அமைதியாக இருந்தது. எல்லா வீட்டுத் திரைகளும் மூடியிருந்தன. ஒன்றிரண்டு மட்டும் காற்றில்லாமலே அசைந்தன.

திங்கட்கிழமை பலகையைப் பார்க்க ஓடினார். ஐவி எழுதியிருந்தாள்: ‘கார்ஸ்வெல்: இருபத்தேழும் திரும்பி வந்தன. எல்லாம் படிக்கப்பட்டவை. பென்ஃபோல்ட்: இருபத்தேழு ஒரே நாளில் மறைந்தன.’

“படிக்கப்பட்டவைன்னா?” என்றார் லயனல்.

“ஓரத்துல எல்லாம் பென்சில்ல எழுதியிருக்கு” என்றார் பாதிரியம்மா, முகமெல்லாம் மலர்ச்சியோடு. “என்ன ரசனை தெரியுமா! இப்படி ஒரு வாசகர் நம்ம ஊர்ல இருக்காங்களே!”

“என்னோடதும் போச்சே! இருபத்தேழு!”

பாதிரியம்மா அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார். “சனிக்கிழமை பழைய பேப்பர் வண்டி வந்துது, லயனல். யாரோ தெரியாம அதுல தூக்கிப் போட்டிருப்பாங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

அறுவடைத் திருநாள் விருந்து தேவாலயக் கூடத்தில் நடந்தது. மேசையில் பூசணி, லீக், ஆப்பிள், அறுபது ஸ்கோன் ரொட்டி, மேவிஸின் பிளம் ஜாம். எல்லோரும் உட்கார்ந்ததும் பாதிரியம்மா ஒரு பிரதியைக் கையில் எடுத்தார்.

“முடிவைச் சொல்றதுக்கு முன்னாடி, அந்த முகம் தெரியாத வாசகர் எழுதினதைக் கொஞ்சம் படிக்கிறேன். ‘இந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டும். இருபது வருஷமாக இதே மழையைத்தான் நானும் பார்க்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?’”

மேவிஸ் ஸ்கோனைத் தட்டில் வைத்துவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். லயனல் ஒரு பூசணிக்காயை வாழ்நாளில் முதல்தடவை பார்ப்பதைப் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘கொட்டகை முழுக்க ஆரஞ்சு மணக்கிறது. நாசமாய்ப் போக.’”

அறுபது பேர் ஒரே சமயத்தில் இருமினார்கள்.

“ஆக, ஐந்தாம் பக்கம்...” என்று பாதிரியம்மா ஆரம்பித்ததும் ரூபர்ட் எழுந்தார்.

“மன்னிக்கணும். பக்கம் பென்ஃபோல்டுக்கே இருக்கட்டும். எனக்கு நேரமில்லை.”

“நேரமில்லையா?” என்றார் பாதிரியம்மா.

“கோடை முழுக்க ஒரு புதுப் புத்தகம் எழுதிக்கிட்டிருக்கேன். முதல் மூணு அத்தியாயத்தை லண்டனுக்கு அனுப்பினேன். பதிப்பகத்துல உடனே எடுத்துக்கிட்டாங்க. மொத்தமும் கிறிஸ்துமஸுக்குள்ள வேணுமாம்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. லயனலும் தட்டினார். பக்கம் பிழைத்தது! பத்தொன்பது வருஷப் பக்கம்! நெஞ்சு இறகு மாதிரி லேசாகியது. அந்த லேசு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. லண்டன் பதிப்பகமா? மூன்றே அத்தியாயத்திலா? தான் லண்டனுக்கு அனுப்பியதெல்லாம் அதே உறையில் திரும்பி வந்ததே, ஒன்று பிரிக்கப்படாமலே வந்ததே!

தாங்க முடியாமல் ரூபர்ட்டின் பக்கத்தில் போய் நின்றார்.

“வாழ்த்துகள். பயணக் கட்டுரைதானே?”

“ஒரு வகையிலே.”

“எந்த நாடு?”

“ரொம்பப் பக்கம்.”

“பிரான்ஸா?”

“அதைவிடப் பக்கம்.”

“வேல்ஸா? அயர்லாந்தா? இந்தக் கோடை முழுக்க நீங்க எங்கேயுமே போகலியே!”

“போகவே வேண்டியிருக்கலை, பென்ஃபோல்ட்” என்று ரூபர்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்கள்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தன. “எங்கெங்கேயோ சுத்தியிருக்கேன். ஆனா எழுதறதுக்கு இவ்வளவு நல்ல விஷயம் எனக்கு எங்கேயும் கெடைக்கலை. உங்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.”

எனக்கு எதற்கு நன்றி? லயனலுக்கு விளங்கவில்லை. கூடத்தின் சிரிப்புச் சத்தம் காதில் குத்த, வெளியே வந்தார். கால்கள் பழக்க தோஷத்தில் டெலிபோன் பெட்டிக்கே இழுத்துப் போயின. ஐவி ட்ராட் வாளியும் துணியுமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். பெட்டிக்குள் இருந்த அட்டை, அதன் எழுத்து, மேல்தட்டு, அந்தச் சின்ன முக்காலி எல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தன.

“வீட்டை விட்டு நகராம, ஒரே கோடையிலே ஒரு புத்தகம்!” என்றார் லயனல், பொருமலை அடக்க முடியாமல். “அப்படி என்னதான் பார்த்து எழுதறான் அந்த மனுஷன்? பத்தொன்பது வருஷமா நானும் இதே தெருவைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்!”

ஐவி துணியைப் பிழிந்து உதறினாள். எதிர்வீட்டு ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“இந்தப் பெட்டிக்கு மூணு பக்கமும் கண்ணாடி, மிஸ்டர் பென்ஃபோல்ட். ஜூன் மாசத்துலேர்ந்து காலம்பற ஆறரைக்கு இந்தத் தெருவே டீக்கோப்பையோட ஜன்னலோரம் வந்து உக்காந்துடுது. மிஸ்டர் கார்ஸ்வெல் ஒருத்தர்தான் நோட்டும் பேனாவுமா உக்காந்தாரு.”